வங்கி எண்ணில் இருந்தே போன் வருது, ஆனா கூப்பிடுறது வங்கி இல்லை: என்ன செய்யலாம்?

பாளை வாசகி:
பாளையங்கோட்டையில் அம்மா தனியா இருக்காங்க. பென்ஷன் வர்ற வங்கிக் கிளையோட 0462 எண்ணை அம்மா போனில் பேரு போட்டுச் சேமிச்சு வச்சிருக்கு. இப்போ அதே பேரு திரையில் விழுது. எடுத்தா, “உயிர்ச்சான்று பதிவாகலை, ஓடிபி வரும், சொல்லுங்க”ங்காவ. கிளையில் கேட்டா நாங்க கூப்பிடவே இல்லைங்காவ. இதுவரை பணம் எதுவும் போகலை. அந்த எண்ணை பிளாக் பண்ணினா போதுமா? அண்ணன் துபாயில் இருக்கான், அதனால வெளிநாட்டு அழைப்பை மொத்தமா அடைக்க முடியாது.

கொக்கிரகுளம் லைன்மேன்:
பிளாக் பண்ணாதீங்க தங்கச்சி. அது கிளையோட நிஜ எண். நாளைக்கு கிளையில் இருந்து உண்மையாவே கூப்பிட்டாலும் விழாது. மோசடிக்காரன் அடுத்த அழைப்புக்கு வேற எண்ணை ஒட்டிக்குவான்.

அழைப்பு கிளம்புற இடத்தில் எந்த எண்ணை எழுதி அனுப்புதாவளோ, அதைத்தான் வாங்குற போன் காட்டும். இன்டர்நெட் வழியா வர்ற அழைப்பில் அது வெறும் ஒரு வரி எழுத்து. வழியில் இருக்கிற தொலைபேசி நிறுவனம், இந்த வாடிக்கையாளருக்கு இந்த எண் சொந்தமான்னு சரிபார்க்கலைன்னா அப்படியே கடந்து வந்துரும். வெளிநாட்டில் இருந்து +91 எண்ணை ஒட்டி வர்ற அழைப்பை மறிக்க 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை ஒரு அமைப்பைக் கொண்டு வந்துச்சு. அதனால இன்னொரு வழியும் ஓடுது, சிம் பாக்ஸ். ஒரே பெட்டியில் நிறைய சிம்களைச் செருகி, வெளிநாட்டுப் பேச்சை உள்ளூர் பத்து இலக்க எண்ணா மாத்தி விடுவான். திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தா வித்தியாசம் ஓரளவு தெரியும். எண்ணை ஒட்டின அழைப்புன்னா சம்பந்தமில்லாத யாரோ எடுப்பாவ. சிம் பாக்ஸ் எண்ணா இருந்தா பெரும்பாலும் யாருமே எடுக்க மாட்டாவ.

உங்க விஷயத்தில் பெரிய ஆபத்து அந்தச் சேமிச்ச பேருதான். வர்ற எண் பட்டியலில் இருக்கிற எண்ணோட பொருந்தினா போன் தானாவே பேரைக் காட்டிரும். சில போன்கள் கடைசி ஏழெட்டு இலக்கத்தை மட்டுந்தான் ஒப்பிடும். அழைச்சது வங்கிதான்னு அந்தப் பேரை வச்சு முடிவு பண்ண முடியாது. பேரை இன்னைக்கே மாத்துங்க: “வங்கி – நாம மட்டும் கூப்பிட”. உள்ளே வர்ற அழைப்பில் இந்தப் பேரு விழுந்தா அம்மா வைச்சிரணும். பிறகு பாஸ்புக்கில் அச்சடிச்ச எண்ணைத் தானே அழுத்திக் கேட்கணும். ரீடயல் வேண்டாம், எண்ணை ஒவ்வொண்ணா அழுத்தணும்.

ட்ரூகாலர் பேரையும் சான்றா எடுக்காதீங்க. ஜனங்க போட்டு வைக்கிற பேருதான் அதில் வருது. சேவை அழைப்புக்கு 1600, விளம்பரத்துக்கு 140ன்னு தொடங்குற எண் வரிசை ஒதுக்கியிருக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனா 1600 விழுந்தாலும் ஓடிபி கேட்டா வைச்சிரணும்.

அம்பை கணக்கர்:
வங்கிப் பக்கம் செய்ய வேண்டியதைச் சொல்லுதேன். போனை எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் ஒரு அழைப்பு உள்ளே வந்துரும், அன்னைக்குக் கணக்கில் எடுக்க ஒண்ணும் இருக்கக் கூடாது.

பென்ஷன் கணக்கை யுபிஐ-யில் இருந்து பிரிச்சிருங்க. இன்னொரு சேமிப்புக் கணக்கில் மாசச் செலவுக்கு உள்ளதை மட்டும் போட்டு, அதை மட்டும் யுபிஐ-யோட இணைங்க. பென்ஷன் கணக்கு டெபிட் கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை இரண்டையும் வங்கி ஆப்பில் அணைச்சிரலாம். ஆப் இல்லைன்னா கிளையில் எழுதிக் கொடுக்கணும். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லைன்னு அம்மாவுக்குத் தெளிவா சொல்லுங்க.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ் போயி தெரியாத அழைப்பை மௌனமாக்குங்க. துபாயில் வாட்ஸ்அப் பேச்சு ஓடாதுங்கறதால அண்ணனுக்கு இதில் இடைஞ்சல் இல்லை. அவர் எண்ணை +971 சேர்த்துச் சேமிங்க. அப்படியே அக்கவுண்ட் பகுதியில் இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க பின் போட்டிருங்க.

*21* அல்லது *401* போட்டு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னா அழுத்தவே கூடாது. அம்மாவுக்கு வர்ற அழைப்பெல்லாம் அவன் எண்ணுக்குத் திரும்பிரும், பேச்சா வர்ற ஓடிபியும் அவனுக்குத்தான் கேக்கும். ஏற்கெனவே அழுத்தியிருந்தா ##002# போடுங்க, பிறகு கால் ஃபார்வர்டிங் செட்டிங்கையும் ஒருதரம் பாருங்க.

“ராத்திரி 9.30க்கு கரண்ட் கட்”னு வந்தா, மின்வாரியத்தோட புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் கேக்கலாம். மகளிர் உரிமைத் தொகைன்னு சொல்லி ஓடிபி கேட்டாலும் போனை வைச்சிருங்க. போலீஸ்னு சொல்லி வீடியோ காலில் மிரட்டுற “டிஜிட்டல் அரெஸ்ட்”னு ஒண்ணு சட்டத்திலேயே கிடையாது.

திசையன்விளை:
எனக்கு வேற மாதிரி. தெரியாதவங்க கூப்பிட்டு “எதுக்கு எனக்குப் போன் போட்டீங்க”னு சண்டைக்கு வாராவ. நான் யாருக்கும் போடலை. சிம்மை மாத்தணுமா?

கொக்கிரகுளம் லைன்மேன்:
மாத்த வேண்டாம் தம்பி. உங்க எண்ணை ஒட்டி யாரோ கூப்பிடுதாவ. கொஞ்ச நாளில் அவன் வேற எண்ணுக்குப் போயிருவான். தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்தில் உங்க பேரில் எத்தனை இணைப்பு இருக்குன்னு பாருங்க, தெரியாதது இருந்தா “என் எண் இல்லை”னு குறிங்க. அதே தளத்தில் இருக்கிற சக்ஷு பகுதியில் மோசடி அழைப்பு வந்த 30 நாளுக்குள் புகார் பதியலாம், தங்கச்சியும் அதில் போடணும். 1909-ல் பதியுற டிஎன்டி (தொந்தரவு வேண்டாம்னு பதியுறது) விளம்பர அழைப்பைக் குறைக்கும், மோசடிக்காரனைத் தடுக்காது.

சந்திப்பு ராஜா:
பணம் போயிட்டா என்ன வரிசைன்னு யாரும் சொல்லலையே?

அம்பை கணக்கர்:
முதல்ல 1930, சைபர் மோசடிக்கான உதவி எண். காவல் நிலையத்துக்குப் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி, வீட்டில் இருந்தே. பணம் நிமிஷக் கணக்கில் கணக்கு விட்டுக் கணக்கு தாவிரும். அது எந்த வங்கியில் நிக்குதோ அங்கேயே நிறுத்தி வைக்கத்தான் இந்த எண். எந்தக் கணக்கில் இருந்து பணம் போச்சோ அந்தக் கணக்கு எண், தொகை, நேரம், யுபிஐன்னா 12 இலக்கக் குறிப்பு எண், இந்த நாலையும் கையில் வச்சுக்கிட்டுப் பேசுங்க. குறுஞ்செய்தியில் ஒப்புகை எண் வரும், அதை வச்சு சைபர் கிரைம் தளத்தில் புகாரை முழுசா நிரப்பணும்.

உடனே வங்கிக்கும் சொல்லி, புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வாங்குங்க. ரிசர்வ் வங்கியோட 2017 விதிப்படி, நாமளே ஓடிபி கொடுத்திருந்தா வங்கிக்குச் சொல்ற வரைக்கும் போன பணம் நம்ம நட்டம். சொன்ன பிறகு போறது வங்கியோட பொறுப்பு. நேரத்துக்கு ஆதாரம் இல்லாம நின்னா அந்த இடத்தில்தான் வழக்கு இழுக்கும். நம்ம கவனக்குறைவும் வங்கியோட குறையும் இல்லாம வேற எங்கேயோ கசிஞ்சு போச்சுன்னா, மூணு வேலை நாளுக்குள் சொன்னா நமக்கு நட்டமே இல்லை. வங்கி 30 நாளில் பதில் தரலைன்னா ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) போகலாம்.

நெல்லை மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் சைபர் கிரைம் காவல் நிலையம் தனித்தனி. பாளையங்கோட்டை மாநகரத்தில் வரும், அம்பாசமுத்திரம் மாவட்டத்தில் வரும். நேரில் போறப்ப ஒப்புகை எண், வங்கி ஸ்டேட்மென்ட், அழைப்புப் பட்டியலோட ஸ்கிரீன்ஷாட் மூணையும் கொண்டு போங்க. அழைப்புப் பட்டியலை அழிச்சிராதீங்க.