வீட்டுக்குப் பின்னால் பழைய ரயில் தடம்: அமெரிக்காவில் வீடு வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஏரிக்கரை (சம்மாமிஷ், வாஷிங்டன்)

சம்மாமிஷ் ஏரியின் கிழக்குக் கரையில் வீடு தேடும் நம் ஆட்கள் அதிகமாகிவிட்டதால் இதை எழுதுகிறேன். ரெட்மண்டிலிருந்து இசக்குவா வரை 11 மைல், பழைய ரயில் தடத்தின் மேல் இப்போது நடை, சைக்கிள் பாதை ஓடுகிறது. பல இடங்களில் வீடு மேலே இருக்கும், படகுத்துறை கீழே இருக்கும், இரண்டுக்கும் நடுவே ஊர்ப் பொதுப்பாதை.

நாங்கள் பார்த்த வீட்டைக் காட்டிய தரகர், "வேலி வரைக்கும் உங்களதுதான், கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) சும்மா காகிதத்தில் உரிமை வைத்திருக்கிறது" என்றார். வில்லங்க அறிக்கையில் ஒரு பழைய ரயில்வேயின் பெயர் இருந்தது மனைவிக்கு உறுத்தலாகப் பட்டது. முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வேயரை வைத்து அளந்தோம். அவர் முளை அடித்த இடம் வேலிக்கு வெகு முன்னாலேயே, புல்தரையின் நடுவில். ஆரஞ்சு நாடா கட்டிய அந்தக் குச்சிக்கு அந்தப் பக்கம் ரோடோடென்ட்ரான் புதர், மண்வெட்டி வைக்கும் கொட்டகை, ஏரிக்கு இறங்கும் மரப்படியின் பாதி. விற்பவர் பெரியவர். "இத்தனை வருஷமா நான்தானே புல் வெட்டுகிறேன்" என்றார். பாவம்தான். ஆனால் புல் வெட்டினால் பட்டா வராதே.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 1880களின் கடைசியில் சியாட்டில் லேக் ஷோர் அண்ட் ஈஸ்டர்ன் என்ற ரயில்வே இங்கே பாதை போட்டது. அப்போது ஏரிக்கரையில் குடியிருந்தவர்களிடம் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அதில் ஹில்ச்கானம் என்ற பூர்வகுடிக் குடும்பம் 1887இல் கொடுத்த பத்திரம் வழக்குகளில் புகழ்பெற்றது. பணம் வாங்கவில்லை, ரயில் வந்தால் கிடைக்கப்போகும் நன்மைக்காக 100 அடி அகலத்துக்குத் தடம் கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். இது சுத்தக் கிரயம் மாதிரி நிலத்தையே கொடுத்ததா, அல்லது வண்டி போக மட்டும் கொடுத்த பாதை பாத்தியமா? நூறு வருஷம் கழித்து முழுச் சண்டையும் அதில்தான். பாத்தியம் மட்டும் என்றால் ரயில் நின்றதும் நிலம் பக்கத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது வீட்டுக்காரர்கள் வாதம்.

2002இல் ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம் (எங்கள் பக்கத்து மாநிலங்களுக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம்) நிலத்தையே கொடுத்ததாகத்தான் அர்த்தம் என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்குப் பிடித்தது: அதே குடும்பம் பின்னாளில் மிச்ச நிலத்தை விற்றபோது, ரயில் பாதைக்குப் போன மூன்று ஏக்கரைக் கழித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறது. வேறு வீட்டுக்காரர்கள் விடவில்லை. பாதைக்கு இத்தனை அகலம் எதற்கு, தார் போட்ட அளவு போதாதா என்று கேட்டார்கள். 2018இல் அதே நீதிமன்றத்தில் அதுவும் தோற்றது. கடைசித் துண்டும் தார் போட்டு 2023இல் பாதை முழுதாகிவிட்டது.

நாங்கள் அந்த வீட்டை வாங்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் மேட்டில் வாங்கினோம். மாலையில் அதே பாதையில்தான் நடக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மிசூரி மாப்பிள்ளை (செயின்ட் சார்ல்ஸ்)

எங்கள் பக்கம் கதை வேறு அண்ணா. கேட்டி டிரெயில் 240 மைல் கிட்ட, பெரும்பகுதி மிசூரி ஆற்றங்கரை. மிசூரி கான்சஸ் டெக்சஸ் ரயில்வேயின் தடம். 1986 வெள்ளத்தில் பாதை அரித்துப் போனதும் கம்பெனி ரயில் விடுவதை நிறுத்திவிட்டது. எட்வர்ட் ஜோன்ஸ் முதலீட்டு நிறுவனத்தின் டெட் ஜோன்ஸ் பணம் கொடுத்து உதவினார், மாநில அரசு வாங்கியது. 1990இல் ரோச்போர்ட்டில் முதல் துண்டைத் திறந்தார்கள்.

அகஸ்டா பக்கம் சைக்கிள் பஞ்சராகி நின்றபோது ஒரு விவசாயி டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து கம்ப்ரெஸரில் காற்றடித்துக் கொடுத்தார். பேச்சு பாதையைப் பற்றித் திரும்பியதும் முகம் மாறிவிட்டது. "தாத்தா ரயிலுக்கு வழி விட்டார். சைக்கிளுக்கு விட்டாரா? யாராவது வந்து கேட்டார்களா?" என்றார். கேட்காததுதான் அவருக்கு வலி. சோளக் காட்டின் இரண்டு பாதிக்கு நடுவில் வாரக்கடைசியில் நூறு பேர் போகிறார்கள், டிராக்டரைக் குறுக்கே கொண்டுபோக அவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கத்து விவசாயிகள் போட்ட வழக்கில் 2000இல் ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றம் (மத்திய அரசிடம் பணம் கேட்கும் வழக்குகளுக்கானது), இது அரசு நிலத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம், நஷ்டஈடு தர வேண்டும் என்றது. பாதை அப்படியே இருக்கிறது. இதை நிறையப் பேர் போட்டுக் குழப்புகிறார்கள். பாதையை நிறுத்துவது ஒரு வழக்கு, அதற்கு விலை கேட்பது இன்னொரு வழக்கு. முதலாவதில் பெரும்பாலும் தோல்விதான். இரண்டாவதில் பழைய பத்திரம் நல்லபடி இருந்தால் ஜெயிக்கலாம்.

ஏரிக்கரை (சம்மாமிஷ், வாஷிங்டன்)

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. எங்கள் ஏரிக்கரையில் வருஷக்கணக்கில் பணம் கரைந்தது முதல் வகையில்.

பர்லிங்டன் மாணவன் (வெர்மாண்ட்)

நீங்கள் சொன்ன இரண்டு வகை வழக்கும் பிறந்த ஊரில்தான் படிக்கிறேன். ஷாம்ப்ளேன் ஏரி ஓரத்து சைக்கிள் பாதை. 1899இல் ரயிலுக்காகக் கொடுத்த நிலம். 1970இல் ரயில் நின்றது, 1975இல் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். ஏரி பார்த்த வீட்டுக் குடும்பம் ஒன்று நிலத்தைத் திரும்பக் கேட்டது.

குறுக்கே நின்றது 1983இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட சட்டத் திருத்தம். ரயில் கம்பெனி வேண்டாம் என்று விடும் தடத்தை ஒரு ஊராட்சியோ அமைப்போ பொறுப்பேற்றுப் பாதையாக வைத்துக்கொள்ளலாம், பின்னால் ரயில் தேவைப்பட்டால் திருப்பித் தர வேண்டும். இதற்கு ரெயில்பேங்கிங் என்று பெயர். சூட்சுமம் எங்கே என்றால், சட்டத்தின் கண்ணில் அந்தத் தடம் கைவிடப்பட்டதே ஆகாது. கைவிடாத நிலத்தை யார் திரும்பக் கேட்பது? தண்டவாளமே இல்லாத இடத்தில் ரயில் உயிரோடு இருக்கிறது என்று சட்டம் சொல்கிறது, நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் துண்டு துண்டாக விற்றுவிட்டால் மறுபடி ஒரு நீளத் தடத்தைச் சேர்க்கவே முடியாது என்பதும் நிஜம்.

1990இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டம் செல்லும் என்றது, பணம் வேண்டுமானால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றது. 1996இல் ஃபெடரல் சர்க்யூட் (கிளெய்ம்ஸ் நீதிமன்றத்துக்கு மேலே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம்) அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு பாக்கி என்று தீர்ப்புச் சொன்னது. ரயிலுக்கு என்று கொடுத்ததில் உல்லாசப் பாதை அடங்காது என்பது காரணம். ஒவ்வொரு ஞாயிறும் அந்த வழியாகத்தான் ஓடுகிறேன்.

கிர்க்லண்ட் அக்கா (வாஷிங்டன்)

பணம் ஜெயித்த கதையிலும் ஒரு முள் இருக்கிறது, அதைச் சொல்கிறேன். எங்கள் தெருவை ஒட்டிய தடத்தில் கிர்க்லண்ட் நகராட்சி 2012இல் 5.75 மைல் வாங்கியது, விலை 50 லட்சம் டாலர். ஜல்லிப் பாதை 2015இல் திறந்தது. எனக்குக் கொண்டாட்டம், பிள்ளைகள் சாலையைத் தொடாமலே நண்பர்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்தத் தடத்தோரத்து வீட்டுக்காரர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, ஃபெடரல் அரசோடு சமரசம் பேசி, வட்டியோடு சுமார் 14 கோடி டாலர் என்று முடிவானது. அதில் வக்கீல்கள் கேட்ட பங்கு பெரிது. வழக்குப் போட்டவர்களில் ஒரு தம்பதி மட்டும், என் துண்டுக்கு இவ்வளவு, பக்கத்து வீட்டுக்கு அவ்வளவு என்று எந்தக் கணக்கில் போட்டீர்கள், காட்டுங்கள் என்று நின்றார்கள். ஊரில் சிலருக்கு அவர்கள் மேல் கோபம், கைக்கு வந்த காசைத் தடுக்கிறார்கள் என்று. 2016இல் ஃபெடரல் சர்க்யூட் அவர்கள் பக்கம் நின்று, கணக்கைக் காட்டியிருக்க வேண்டும் என்று சமரசத்தையே ரத்து செய்தது. எனக்கு அந்தத் தம்பதி மேல் மரியாதைதான். கணக்குக் கேட்காமல் கையெழுத்துப் போடுவது நம் வீடுகளிலும் நடப்பதுதானே.

கொலராடோ குமரன் (டென்வர்)

அக்கா, அப்படி ஒரு கூட்டு வழக்கில் சேரச் சொல்லி எனக்கும் வக்கீல் கடிதம் வந்திருக்கிறது. பாதை இன்னும் போடவே இல்லை. ஹோட்டலில் கூட்டமாம், காபி உண்டாம், வக்கீல் கட்டணம் ஜெயித்தால் மட்டுமாம். போகலாமா? எங்கள் மாநிலத்தை ஒட்டி வயோமிங்கில் ஒருவர் 2014இல் உச்ச நீதிமன்றத்தில் அரசாங்கத்தையே ஜெயித்தார் என்கிறார்களே?

பர்லிங்டன் மாணவன் (வெர்மாண்ட்)

அது வேறு ரகம் அண்ணா. 1875ஆம் வருஷச் சட்டப்படி அரசு நிலத்தின் மேல் ரயில்வேக்குக் கொடுத்த தடம் அது. மெடிசின் போ தேசியக் காட்டுப் பகுதி. நிலத்தை அரசு 1976இல் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது, 2004இல் ரயில்வே முறைப்படி கைவிட்டது. தடம் எங்களுக்கே திரும்புகிறது என்று அரசு சொன்னது. ரயில்வேக்கு இருந்தது வெறும் பாத்தியம், அது முடிந்ததும் நிலம் குடும்பத்துக்கே என்று எட்டு நீதிபதிகள், மாற்றுக் கருத்து ஒருவர். அங்கே ரெயில்பேங்கிங் நடக்கவில்லை. உங்கள் தடத்தில் நடந்திருந்தால் அந்தத் தீர்ப்பை வைத்து நிலம் கையில் வரும் என்று நம்ப வேண்டாம்.

கிர்க்லண்ட் அக்கா (வாஷிங்டன்)

கூட்டத்துக்குப் போ தம்பி, காபியும் குடி, அன்றைக்கே கையெழுத்து மட்டும் போடாதே. ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கவும் கூடாது. நஷ்டஈடு கேட்க ஆறு வருஷம்தான் கெடு. அந்த ஆறு வருஷம் பாதை திறந்த நாளிலிருந்து ஓடாது. ரயில் தடங்களைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பான சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்ட்டேஷன் போர்டு, பாதைக்குப் பேச்சு நடத்தலாம் என்று அறிவிப்பு விட்ட தேதியிலிருந்து ஓடும். ரிப்பன் வெட்டும்வரை காத்திருந்து கெடு தாண்டியவர்கள் உண்டு. கடிதத்தில் வழக்கு எண் இருக்கும், போர்டின் இணையதளத்தில் போட்டால் அறிவிப்பின் தேதி வந்துவிடும். அப்புறம் கவுண்டிப் பதிவகத்தில் உன் வீட்டு மூலப்பத்திரத்தோடு நிற்காமல், ரயில்வேக்கு முதன்முதலில் எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்கு. அதில் 'நிலத்தைக் கொடுக்கிறேன்' என்று இருக்கிறதா, 'வழி கொடுக்கிறேன்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுது.

கொலராடோ குமரன் (டென்வர்)

சரிக்கா. திங்கட்கிழமை பதிவகத்துக்குப் போகிறேன்.