வீட்டில் ஜின் ஊறவைத்தவர்கள், மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

ஓர்ஸ்ஹில்காரன்

மூன்று மாதமாக மனதில் கிடக்கிறது, அதனால் நானே தொடங்குகிறேன். ஜின்னுக்கு அதன் மணத்தைத் தருகிற ஜூனிபர் காய் எங்கே வாங்குவது, அதை ஊறவைக்க எந்த வொட்கா என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். என் அளவு இது: 750 மில்லி வொட்காவுக்கு ஜூனிபர் இரண்டு மேசைக்கரண்டி, மல்லி ஒன்று, ஏலக்காய் மூன்று, சின்னத் துண்டு கறுவா, தேசிக்காய்த் தோல், கடைசி இரண்டு மணித்தியாலத்துக்குக் கறிவேப்பிலை ஒரு நெட்டு. கறிவேப்பிலை யோசனை கொழும்பு நம்பர் 7 என்கிற ஜின் குடித்த பிறகு வந்தது, அதில் கறுவா, இஞ்சியோடு அதையும் போடுகிறார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா இருக்கிறார். 1957 இல் பிரிட்டிஷ் கடற்படை நம் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதே, அதற்கு முன் இரண்டு வருடம் டொக்யார்டில் ஒரு மெஸ்ஸில் கிளாஸ் கழுவிய பையன் அவர். இரவல் வாங்கிய ஏணியைத் தர வந்தவர், விறாந்தையில் ஏறக்கூட இல்லை, படலைக்குப் பக்கத்தில் நின்றபடியே "மல்லியை வறுத்துப் போட்டனியோ தம்பி?" என்று கேட்டார். நான் வடித்துக்கொண்டிருந்தேன், அந்த மணம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. வறுத்துத்தான் போட்டிருந்தேன், கறித்தூளுக்கு வறுக்கிற பழக்கம். ஒரு கிளாஸில் ஊற்றி நீட்டினேன். வாங்கவில்லை. "இது குழம்பு வாசம். அவங்கட ஜின்னில மல்லி தோடம்பழத் தோல் மாதிரி மணக்கும்" என்றார்.

நாலு போத்தல் வீணாக்கிய பிறகு சரியாக வந்தது என்று நினைத்திருந்த போத்தல் அது. கோபம் வந்துவிட்டது. கிளாஸ் கழுவினவருக்கு ஜின் ருசி எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மாறவில்லை. "கழுவிறவனுக்குத்தான் தம்பி மணம் வரும்" என்று சொல்லிவிட்டு ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இன்றுவரை நான் அவர் படலையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

உப்புவெளி அக்கா

தம்பி, முதலில் அந்த ஐயாவிடம் போய்ப் பேசுங்கள்.

என் கதை ஜின்னோடு கலக்கிற டொனிக். கடை டொனிக்கில் இனிப்புக் கூட என்று நானே செய்யப் போனேன். அதற்குக் கசப்பைத் தருகிற குயினைன் சின்கோனா மரப்பட்டையில் இருக்கிறது, அந்தப் பட்டை லண்டனில் இருக்கிற சித்தியின் மகள் அனுப்பியது. 1861 இல் ஹக்கலத் தோட்டத்தையே சின்கோனா வளர்க்கத்தான் தொடங்கினார்கள், அப்படிப்பட்ட நாட்டில் பட்டை கப்பலேறி வரவேண்டியிருக்கிறதே என்று எனக்கு உண்மையாகவே கவலை. பட்டையை அரைத்துத் தூளாக்கி, தேசிக்காய்த் தோலோடு கொதிக்கவைத்து, சேலைத் துணியில் வடித்தேன். தூள் துணிக்குள்ளால் இறங்கி அடியில் செம்மண் மாதிரி படிந்திருந்தது. பரவாயில்லை என்று சீனிப்பாகு கலந்து ஜின்னோடு மூன்று கிளாஸ் குடித்தேன்.

இரவு 11 மணிக்குக் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. அப்போதுதான் கேட்டது, சிள்வண்டு கத்துவது போல. யன்னலைப் பூட்டினேன், குறையவில்லை. இரண்டு காதையும் கையால் பொத்தினேன். சத்தம் கூடியது. அது வெளியே இல்லை, எனக்குள்ளே என்று விளங்கிய அந்த நொடியை இன்னும் மறக்க முடியவில்லை. இருட்டில் கையை எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம்.

விடியத் தணிந்துவிட்டது. குயினைன் கூடினால் இப்படிக் காது இரையும், தலையிடிக்கும், பார்வையும் மங்கலாம் என்று பிறகு வாசித்தேன். அமெரிக்காவில் டொனிக்கில் குயினைன் பத்து லட்சத்தில் 83 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று எல்லை வைத்திருக்கிறார்கள். என் சட்டியில் எவ்வளவு இறங்கியது என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்போது கடைப் போத்தல்தான், இனிப்பாக இருந்தாலும் சரி.

தம்பலகாமம் 71

இதற்குத்தான் சொல்கிறேன், வீட்டில் இந்த வேலையே வேண்டாம். என் பெரியப்பா ஒரு நாள் மத்தியானம் 12 மணி வெயிலில் முற்றத்தில் நின்று "விளக்கைப் போடுங்கோடா" என்று கத்தினார். முதல் நாள் இரவு குடித்தது கசிப்பு, கள்ளச்சாராயம். அந்தக் குரல் எனக்கு 40 வருடமாகக் கேட்கிறது. ஜின், கொக்டெயில் என்று பெயர் மாற்றினால் சாமான் மாறாது. கண்ணைப் பறிக்கிற மெதனோலுக்குப் பெயர் தெரியாது. 1912 இல் வந்த மதுவரிச் சட்டம் அனுமதி இல்லாமல் காய்ச்சக்கூடாது என்று சொல்வது சும்மா இல்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் போத்தல்களை அடுக்கி வைத்து அழகு பார்க்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பாலையூற்று

அண்ணா, உங்கள் பெரியப்பாவின் கதை மனதை என்னவோ செய்கிறது. ஆனால் இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். இங்கே யாரும் காய்ச்சவில்லை. முத்திரையோடு வாங்கிய போத்தலில் ஊறவைக்கிறோம், அவ்வளவுதான், ஊறப்போட்டால் மெதனோல் பிறக்காது. பழத்தில் இருக்கிற பெக்டின் நொதிக்கும்போது கொஞ்சம் வரும், ஆட்களைக் கொல்கிற அளவு பெரும்பாலும் தொழிற்சாலை ஸ்பிரிட்டைக் கலந்து விற்பதால் வருவது. காய்ச்சி வடிப்பதற்கு நானும் எதிர்ப்புத்தான், நெருப்பும் ஆல்கஹோல் ஆவியும் ஒரே குசினியில் இருக்கக்கூடாது.

என் அனுபவம் சின்னது. போன சீசனில் பாலைப்பழம் போட்டேன். தின்னும்போது உதட்டில் பால் ஒட்டுமே, அது போத்தலிலும் விடவில்லை. மூடி கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. வெந்நீர் ஊற்றி, தேங்காயெண்ணெய் பூசி, கடைசியில் தங்கச்சியின் கலியாண நாளன்று எல்லோரும் பார்க்கக் கழுத்து உடைந்து முழுவதும் தரையில். தேன் மாதிரி மணந்தது அந்தத் தரை. ருசி எப்படி இருந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அதுதான் பிடித்து உலுக்குகிறது.

அப்புறம் ஓர்ஸ்ஹில் தம்பிக்கு, ஐயா சொன்னது முழுக்கச் சரி. வறுக்காத மல்லி விதையில் லினலூல் என்கிற வாசனை எண்ணெய் இருக்கிறது, தோடம்பழம், பூ மாதிரி மணப்பது அதனால். வறுத்தால் அது பறந்து வறுத்த மணம் ஏறிவிடும். மல்லியை லேசாக இடித்தால் போதும், தூளாக்கினால் கலங்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஜூனிபரும் மல்லியும் 24 மணித்தியாலம் கிடக்கலாம், கறுவாவும் கராம்பும் அவ்வளவு நேரம் கிடந்தால் துவர்ப்பு ஏறி மற்றதெல்லாம் செத்துவிடும், காலையில் போட்டு மத்தியானம் எடுங்கள். தேசிக்காய்த் தோலை உரிக்கும்போது உள்ளே இருக்கிற வெள்ளை தோலோடு ஒட்டி வர விடாதீர்கள், கசப்பு அங்கேதான். ரம்பை போட ஆசைப்படுகிறவர்கள் ஒரு விரல் நீளத்துக்கு மேல் போனால் சோற்றுப்பானை மணம் வரும். தினமும் ஒரு சொட்டு ருசித்துப் பாருங்கள், நாளை எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள், நம் ஊர்ச் சூட்டில் எல்லாம் வேகமாக இறங்கும், வெளிநாட்டு அளவில் மூன்று நாள் என்றால் நான் இரண்டாம் நாளே வடிக்கப் பார்ப்பேன். டொனிக் ஊற்றியதும் வெள்ளையாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம், ஆல்கஹோல் குறைந்ததும் கரைந்திருந்த எண்ணெய் பிரிகிறது. ஜூனிபரைக் கடையில் சமையலுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள், அழகுக்கு வளர்க்கிற செடிகளில் நச்சு வகையும் உண்டு. பூ விஷயத்திலும் அப்படித்தான், அலரிப் பூவைப் பார்த்து வண்ணத்துக்கு மயங்கினால் உயிர் போகும்.

நிலாவெளி

பூ என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வேலியில் நீலச் சங்குப்பூ. ஜின்னில் போட்டால் கடல் நீலம், தேசிக்காய் பிழிந்தால் ஊதாவாகி ரோஸாக மாறும், புளிப்புப் பட்டதும் அந்த நிறம் அப்படித்தான் நடந்துகொள்ளும். நண்பர்கள் வந்திருந்தார்கள், நான் எல்லோர் முன்னாலும் பிழிந்து காட்டினேன், எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா உள்ளேயிருந்து வந்து கிளாஸைப் பார்த்தா. "சுவாமிக்கு வைக்கிற பூவையோ இதில போட்டாய்?" என்று மட்டும் கேட்டா. சத்தம் போடவில்லை.

அன்றிலிருந்து அம்மா அந்த வேலியில் பூ பறிப்பதில்லை. காலையில் தட்டோடு வெளியே வந்து, வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் செம்பரத்தைக்குப் போகிறா. பூ காய்ந்து கொடியிலேயே கிடக்கிறது. நானும் பறிப்பதில்லை. இதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம், அது வெறும் செடி என்று எனக்கும் தெரியும்.

தம்பலகாமம் 71

நிலாவெளிப் பிள்ளை, அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. கொடியை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்று நட்டுக் கொடு, இனி தொடமாட்டேன் என்று சொல்லி. பாலையூற்றுத் தம்பி, ஊறவைப்பது வேறு என்று விளங்குகிறது, இருந்தாலும் எனக்குப் பயம் போகாது.

ஓர்ஸ்ஹில்காரன்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை வறுக்காத மல்லி போட்டேன், கறிவேப்பிலை இல்லை, கறுவா நாலே மணித்தியாலம். நேற்று வடித்து ஒரு கிளாஸ் குடித்தேன். குடிக்கும்போது ஜூனிபர்தான் முன்னுக்கு நின்றது, மல்லி பிடிபடவில்லை. வெறும் கிளாஸைக் கழுவாமல் மேசையில் வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்து மணந்தேன். தோடம்பழத் தோல். அப்படியே இருந்தது.

கடற்படைக்காரர்கள் ஜின்னோடு லைம் கோர்டியல், அதாவது இனிப்புத் தேசிக்காய்ப் பாகு, விட்டுக் குடிப்பதற்குக் கிம்லெட் என்று பெயர், அந்த மெஸ்ஸிலும் அதுதான் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு கோர்டியல் போத்தல் வாங்கி வைத்திருக்கிறேன். நாளைப் பின்னேரம் ஐயாவின் படலையைத் தட்டப் போகிறேன். அவர் எவ்வளவு கோர்டியல் விடுவார் என்று தெரியாது, அதனால் கலக்கவில்லை, இரண்டு போத்தலையும் தனித்தனியாகவே கொண்டு போகிறேன்.