புதுப்பிப்பு: தங்கமீனின் செவுளில் இருந்தது புழு

என் தங்கமீன் ஒரு பக்கச் செவுளை மூடியே வைத்துக்கொண்டு வேகவேகமாக மூச்சு வாங்குவதாகப் போன வாரம் எழுதியிருந்தேன். மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அம்மோனியா நஞ்சாக இருக்கும் என்றுதான் பலரும் சொன்னீர்கள். தண்ணீரைச் சோதித்தேன், அம்மோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் இரண்டுமே 0. நைட்ரைட் நஞ்சில் ஆவதுபோல் செவுள் பழுப்பாகவும் இல்லை, வெளிறிச் சளி படிந்திருந்தது.

அப்புறம் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். செவுள் நுனியைத் துளி நறுக்கி நுண்ணோக்கியில் காட்டினார். தலையில் நான்கு கண்புள்ளிகளோடு ஒரு புழு நெளிந்தது. டாக்டிலோகைரஸ் என்ற செவுள் புழு! பெரும்பாலும் தோலில் வரும் கைரோடாக்டிலஸ் என்ற இன்னொரு புழுவுக்குக் கண்புள்ளி கிடையாது.

பிராசிகுவாண்டெல் என்ற புழு மருந்து போட்டாயிற்று. ஆனால் இது முட்டையிடும் புழு, முட்டையை மருந்து அழிக்காது. பொரிந்து வருவதைக் கொல்ல மறுபடி போட வேண்டும். இன்று காலை மீன் இரண்டு செவுளையும் அசைத்தது. அவ்வளவு நிம்மதி எனக்கு.