பிசுபிசுக்கும் டென்ட்: புதுச்சேரி, கடலூர் பக்கம் பூச்சு கிடைக்குமா?

ஐப்பசியில் நானும் மனைவியும் ஏற்காட்டில் ஒரு ஹாஸ்டல் வளாகத்தில் தங்குகிறோம். அங்கே இடமும் குளியலறையும்தான் தருவார்கள், டென்ட் நம்முடையது.

இருவர் டென்ட், 2018-இல் வாங்கியது. பாலியஸ்டர் துணி, உள்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு. புதுச்சேரி கடற்கரையை ஒட்டிய வீட்டில் பரணில் இருந்தது. இப்போது மேல்விரிப்பு மடிப்பு மடிப்பாக ஒட்டுகிறது, வெள்ளைச் செதில் உதிர்கிறது, புளித்த வாந்தி வாடை. ஈரப்பதமும் வெக்கையும் சேர்ந்து பூச்சைச் சிதைத்துவிட்டன, பூஞ்சை இல்லை.

சோப்புத்தண்ணீர், நிழலில் உலர்த்தல், டால்கம் பவுடர் எதுவும் நிற்கவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்தால் பழைய பூச்சு சுத்தமாக வருகிறது. ஆனால் வெறும் துணியில் தண்ணீர் இறங்குகிறது. சிலிக்கோன் சீலன்ட் தடவினால், பழைய பூச்சு மிச்சமுள்ள இடத்தில் அது தோலாக உரிகிறது. நீர்விலக்கி ஸ்ப்ரே வெளியே துளியை உருட்டும், சாரலோடு அடிக்கும் மழையைத் தாங்காது. தரைக்குத் தார்ப்பாய் போதும், மேல்விரிப்புதான் சிக்கல்.

துணிக்கான திரவ பாலியூரித்தேன் பூச்சு புதுச்சேரியிலோ கடலூரிலோ சில்லறையாக எங்கே கிடைக்கும்?