செண்டுமல்லியை வடித்தால் ஆரஞ்சு நிறம் எங்கே போகிறது?

வில்லியனூர் சோப்புக்காரி:
வீட்டில் சோப்பு செய்து விற்கிறேன். ஆயுதபூஜைக்கு மறுநாள் பூக்கடைக்காரர் விற்காத செண்டுமல்லியை மூட்டையாகக் கொடுத்தார். நீராவியில் எண்ணெய் வடிக்கும் சின்ன வாலையில் போட்டு வடித்தேன். மேலே மிதந்த எண்ணெய் மிகச் சொற்பம், நிறமும் வெளிர்மஞ்சள்தான். கடையில் விற்கும் ‘காலெண்டுலா எண்ணெய்’ மட்டும் நல்ல ஆரஞ்சாக இருக்கிறது. இரண்டும் ஒரே பூ இல்லையா? என் எண்ணெயில் என்னென்ன இருக்கும்? சோப்பிலும் முக எண்ணெயிலும் சேர்க்கலாமா?

மஞ்சக்குப்பம் பழைய ஆய்வகக்காரன்:
உங்கள் வாலையில் குறை இல்லை அம்மா. ஆரஞ்சு நிறம் லூட்டின் என்ற நிறமி தருவது. அது 40 கார்பன் கொண்ட கனத்த மூலக்கூறு, நீராவியோடு ஏறி வராது; வெந்த பூவிலேயே தங்கிவிடும். ஏறி வருபவை 10, 15 கார்பன் கொண்ட டெர்பீன்கள் என்ற வாசனைச் சேர்மங்கள். உங்கள் செண்டுமல்லியின் தாவரவியல் பெயர் டாஜெட்டிஸ் எரெக்டா. அதில் லிமோனீன், டெர்பினோலீன், பைப்பரிட்டோன், ஓசிமீன், காரியோஃபிலீன் ஆகியவை பெரும்பாலும் இருக்கும். எது எவ்வளவு என்பது ரகம், மண், பூவா இலையா என்பதைப் பொறுத்து வெகுவாக மாறும். எண்ணெயில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் ஜி.சி.எம்.எஸ். கருவியின் அறிக்கை இல்லாமல் சதவீதம் சொல்பவரை நம்பாதீர்கள்.

வாசனைத் தொழிலில் ‘டாஜெட்டிஸ் எண்ணெய்’ என்று புழங்குவது பெரும்பாலும் டாஜெட்டிஸ் மினுட்டா என்ற வேறொரு இனத்தின் எண்ணெய். அதில் டைஹைட்ரோடாஜெட்டோன், டாஜெட்டோன், ஓசிமீன் அதிகம். பச்சை ஆப்பிள் போல மூக்கைத் துளைக்கும். காற்றுப் பட்டால் கெட்டியாகிவிடும். மெக்சிகோவின் டாஜெட்டிஸ் லூசிடாவோ சோம்பு வாசனை வீசும், எஸ்ட்ரகோல் என்ற சேர்மம் இருப்பதால். பெயர் ஒன்று, சரக்கு வேறு!

காலெண்டுலா வேறு பேரினமே. கடையில் நீங்கள் பார்த்தது, அநேகமாக இதழ்களை சூரியகாந்தி எண்ணெயிலோ ஆலிவ் எண்ணெயிலோ ஊறவைத்தது. அதனால்தான் நிறம்.

இனி முக்கியமான விஷயம். செண்டுமல்லி வகைகளில் ஆல்ஃபா-டெர்தயனில் என்ற கந்தகச் சேர்மம் உண்டு. தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டால் அது எரிச்சலும் கொப்புளமும் உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் எரெக்டா பூ எண்ணெயை அழகுசாதனங்களில் சேர்க்க 2018-இல் தடை விதித்தது. மினுட்டா, பட்டுலா (இன்னொரு செண்டுமல்லி இனம்) எண்ணெய்களுக்குக்கூட, தோலில் தங்கும் பொருள்களில் 0.01 சதவீதம், கழுவிவிடும் பொருள்களில் 0.1 சதவீதம்தான் வரம்பு. சித்திரை வெயிலில் நம் ஊர்க் கடற்கரையில் நடப்பவர்களுக்கா இந்த முக எண்ணெய்?

பாகூர் விவசாயி:
ஐயா சொல்லும் அந்தச் சேர்மம் வேரில்தான் அதிகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கத்தரிக்கு நடுவே செண்டுமல்லி வைத்தால் வேரைத் தாக்கும் நூற்புழு குறைவது அதனால்தானா?

மஞ்சக்குப்பம் பழைய ஆய்வகக்காரன்:
ஆமாம் தம்பி, அதேதான். புழுவைக் கொல்வதைத் தோலுக்கு மருந்து என்று விற்க எனக்கு மனம் வரவில்லை.

வில்லியனூர் சோப்புக்காரி:
சரி ஐயா, முக எண்ணெய் வேண்டாம். சோப்பிலாவது துளி சேர்க்கலாம் அல்லவா? இலையில் வாசனை இன்னும் தூக்கலாக இருக்கிறது, அதையும் வடிக்க நினைத்திருந்தேன்.

மஞ்சக்குப்பம் பழைய ஆய்வகக்காரன்:
இலையில் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் விளிம்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வடித்துப் பாருங்கள், ஆனால் விற்பனைச் சோப்பில் வேண்டாம். நிறம் வேண்டுமென்றால் காய்ந்த காலெண்டுலா இதழை வாங்கித் தேங்காய் எண்ணெயில் ஊறவையுங்கள். வடித்த எண்ணெயைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி, மேலே ‘டாஜெட்டிஸ் எரெக்டா, தோலில் தடவாதீர்’ என்று எழுதி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் ஜி.சி.எம்.எஸ். கருவி இருந்தால், அரை மில்லிலிட்டர் கொடுத்து அளந்து தரச் சொல்லுங்கள்.