அமெரிக்க ஓபரா பாடகி ஜாய்ஸ் டிடோனாட்டோவை நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். 2009 ஜூலை, லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ், ரோசினியின் ‘தி பார்பர் ஆஃப் செவில்’. முதல் நாளான ஜூலை 4 அன்று மேடையில் வழுக்கி விழுந்திருக்கிறார். சுளுக்காக இருக்கும் என்று நொண்டிக்கொண்டே பாடி, அப்புறம் ஊன்றுகோலோடு கடைசிக் காட்சிவரை முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார். பார்த்தால் கால் எலும்பு முறிந்திருக்கிறது! என்னிடம் இருந்தது அதற்குப் பிந்தைய நாளுக்கான டிக்கெட். வேறு யாராவதுதான் பாடுவார்கள் என்று அரைமனதாகப் போய் உட்கார்ந்தேன். வந்தது அவரேதான், சக்கர நாற்காலியில், பளீரென்ற இளஞ்சிவப்பு மாவுக்கட்டோடு.

அவர் பாடிய ரோசினா, காப்பாளர் கிழவரின் வீட்டுக்குள் அடைபட்ட பெண். நாற்காலி அந்தக் கதைக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. எரிச்சலை எல்லாம் சக்கரத்தின் மேல் காட்டினார், அரங்கு சிரித்தது. ஹுவான் தியேகோ ஃப்ளோரஸ் காதலன், பப்பானோ இசை நடத்துநர். கச்சேரியில் உட்கார்ந்து பாடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இங்கே மைக் கிடையாது. ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி 2,000 பேருக்கு மேல் கேட்க வேண்டும். நான் இருந்த மேல்மாடிவரை அந்த வேகமான சங்கதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழுந்தன.

*

கொடுத்துவைத்தவர் நீங்கள். ஒரு சின்னத் தகவல்: 1816-இல் ரோமில் இந்த ஓபரா முதன்முதலில் அரங்கேறியபோதும் பாட்டு வாத்தியார் பசீலியோவாக நடித்தவர் மேடையில் விழுந்து, மூக்கில் ரத்தம் வழியப் பாடினாராம். அன்று ரோசினாவைப் பாடிய ரிகெட்டி-ஜோர்ஜியே இதை எழுதிவைத்திருக்கிறார். அவருடையதும் தாழ்ந்த குரல்தான். பிறகு உயர்ந்த பெண்குரல்களான சொப்ரானோக்கள் சுருதியை ஏற்றி அந்த வேடத்தை எடுத்துக்கொண்டார்கள். டிடோனாட்டோ மாதிரி சற்றுத் தாழ்ந்த பெண்குரல்களான மெட்சோக்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் தோழி, சூனியக்காரி, இல்லாவிட்டால் ஆண்பிள்ளை வேடம். டிடோனாட்டோவும் ரோமியோ, செஸ்டோ எல்லாம் பாடியவர். கால்சட்டை போட்டுக்கொண்டு அவர் நடக்கும் நடையே வேறு!

*

நான் நேரில் கேட்டதில்லை, கார்னகி ஹால் பயிற்சி வகுப்புகளை இணையத்தில் பார்த்ததோடு சரி. மாணவர்களிடம் அவர் பேசும் விதத்துக்குக் காரணம் இருக்கிறது. கன்சாஸ்காரர், பள்ளி இசை ஆசிரியராவதற்குத்தான் விச்சிட்டாவில் படித்தார். ஹூஸ்டனில் பயிற்சியில் இருந்தபோது ஸ்டீஃபன் ஸ்மித் என்ற ஆசிரியர், இளமையின் பலத்தில் தசையை இறுக்கிப் பாடுகிறாய், இது நீடிக்காது என்று சொல்லிவிட, இருபதுகளின் பிற்பகுதியில் குரலை அடியிலிருந்து திருத்திக்கொண்டவர்.

*

2023-இல் அவர் பாடிய ‘டெட் மேன் வாக்கிங்’ ஓபராவைத் திரையரங்கு நேரலையில் பார்த்தேன். மரண தண்டனைக் கைதிக்குத் துணை நிற்கும் கன்னியாஸ்திரீ வேடம். அதற்கு முன்பே நியூயார்க் மாநிலத்தின் சிங் சிங் சிறையில் பல ஆண்டுகளாகக் கைதிகளோடு இசைப் பட்டறை நடத்திவந்திருக்கிறார். அந்த ஓபராவையும் அங்கே கொண்டுபோனார்கள்; கோரஸில் பாடியவர்கள் கைதிகள். அதைத்தான் நேரில் கேட்டிருக்க வேண்டும், ஆனால் டிக்கெட் விற்கிற இடமா அது?