மறு: ‘தொலைநிலைக் குறிமுறைச் செயலாக்கம்’

ஐயாவுக்கு வணக்கம்.

எங்கோ இருப்பவன் நம் கணினியில் தன் நிரலை ஓட்டுவதை ஆங்கிலத்தில் remote code execution என்கிறார்கள். அதற்கு நீங்கள் அனுப்பிய ‘தொலைநிலைக் குறிமுறைச் செயலாக்கம்’ என்ற சொல்லில் பொருட்பிழை இல்லை. ஆனால் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் என் கணினிக் கடைக்கு வருகிறவரிடம் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் தே தாரேக்கை (இழுத்து ஆற்றிய பால் தேநீரை) குடித்து முடித்துவிடுவார். ‘தொலையியக்கம்’ என்று அக்கா சுருக்கியதும் ஒட்டவில்லை. தொலையியக்கி (ரிமோட்) டிவிக்காரர் கையில் இருப்பது. இது அத்துமீறல்.

2014 ஏப்ரல் 26 அன்று மைக்ரோசாப்ட் எச்சரித்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் பாதுகாப்பு ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 6 முதல் 11 வரை எல்லாப் பதிப்பிலும் இருந்தது. உலாவி கணினி நினைவகத்தில் ஓர் இடத்தை விட்டுவிட்ட பிறகும் அதன் முகவரியைக் காட்டும் சுட்டு (pointer) அழியாமல் நிற்கிறது. தோட்டத்துக் கணக்கில் சொன்னால், குடும்பம் லயத்து வீட்டை (தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்துவிட்டது, கிராணியின் (தோட்ட எழுத்தரின்) பேரேட்டில் பேர் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த வீட்டில் வேறொருவன் புகுந்து உட்கார்ந்தால் பழைய பேருக்குரியதெல்லாம் அவனுக்குத்தான். உலாவியும் பழைய முகவரிக்கே போய், அங்கே உட்கார்ந்திருப்பவன் சொன்னதைச் செய்கிறது. அதற்கென்று செய்த இணையப் பக்கத்தைத் திறந்தாலே போதும்.

அந்த வாரம் ஒரு கிராணி பயந்துபோய் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான மைக்ரோசாப்ட் ஆதரவு ஏப்ரல் 8-லேயே முடிந்திருந்தது (மே 1-இல் வந்த திருத்தத்தை அதற்கும் கொடுத்தார்கள், அது வேறு கதை).

“நான் எதையும் டவுன்லோட் பண்ணலையே தம்பி, சும்மா திறந்தாலே வந்துடுமா?”

விளக்கினேன். கூட வந்திருந்த அவர் மனைவி சட்டென்று சொன்னார்: “அதான் ஏவல். எவனோ எங்கயோ உட்கார்ந்து ஏவி விடுறான், வேலையை நம்ம வீட்டு ஆளே செய்யுது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரை மணி நேரமாக நான் சொன்னது அந்த ஒரு சொல்லில் இருந்தது.

ஆகவே ‘தொலையேவல்’. பில்லி சூனிய வாடை அடிக்கிறது என்பீர்கள். அடிக்கட்டும், ஏவல் வினையும் ஏவுகணையும் அதே வேரில் வந்தவைதானே. ‘நிரல்’ அதில் இல்லையே என்பது சரியான குறைதான். code execution என்பதற்குப் பொதுச்சொல்லாக ‘நிரலேவல்’ வைத்துக்கொள்ளலாம். ‘தொலைநிரலேவல்’ என்று மூன்றையும் கோத்தால் மறுபடி தே தாரேக் ஆறிவிடும்.

தமிழ்ப்பள்ளிக் கணினி மன்றத்துக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள் ஐயா.